பசியோடு திரும்பிய சுறா

பள்ளிக்கூடத்துக்கு டேப் என்னும் கைக்கணினிகள் வந்து இறங்கியபோது முதலில் முகம் சுளித்தது இரண்டாம் வகுப்பு டீச்சர்தான். “வீட்டுலதான் எந்நேரமும் போனும் கையுமா இருக்குதுங்க. இங்க வந்தும் அதே பொழப்பா?” என்று ஆசிரியர் அறையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பிள்ளைகளுக்குக் கணக்கு வர வேண்டுமானால் விரல் வேண்டும், பென்சில் வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும், மற்றதெல்லாம் வீண் ஆடம்பரம் என்பது அவர் கட்சி.

ஒரு பருவம் முடிவதற்குள் அந்தக் கட்சியிலிருந்து அவரே விலகிவிட்டார். வாயைத் திறந்தால் காசு கேட்பார்கள் என்பதுபோல் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, எழுத்துகளை இழுத்து வந்து வார்த்தை கோக்கும் புதிரில் ஒருநாள் ‘கரடி’ என்று கோத்துவிட்டு, வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி “கரடி!” என்று கத்தியது. கணக்கு என்றாலே ஒன்றுக்கு வருகிறது என்று எழுந்து ஓடும் பையன் இடைவேளை மணி அடித்தும் இடத்தை விட்டு அசையவில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் வீம்பு பிடிக்க டீச்சரால் முடியவில்லை. கொஞ்ச நாளில் மற்ற வகுப்பு ஆசிரியர்கள், “டேப் திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்” என்று அவரைத்தான் தேடி வந்தார்கள்.

ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்வது அவர் வழக்கம் இல்லை. பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விளையாட்டையும் வீட்டில் உட்கார்ந்து தானே ஆடிப் பார்த்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், சாப்பாட்டு மேசையில் டேப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு மனைவி விரலால் தட்டுவதைப் பார்த்து, “என்னம்மா, இந்த வருஷமாவது ரெண்டாங்கிளாஸ் பாஸ் பண்ணிடுவியா?” என்று கேட்பார்.

“கிண்டல் பண்ணாதீங்க. எல்லாத்துலயும் முழு ஸ்டார் வாங்கியிருக்கேன்.”

“பின்ன வாங்காம? பாடம் நடத்தறவங்களே பரீட்சை எழுதினா அப்படித்தான்.”

‘கடல் கணக்கு’ என்ற விளையாட்டையும் அப்படித்தான் ஆடிப் பார்த்தார். அதில் கூட்டலுக்கு ஒரு கடல், கழித்தலுக்கு ஒரு கடல். கூட்டல் கடலில் குட்டி மீன்கள் கூட்டத்தோடு வந்து சேர்ந்துகொள்ளும். கழித்தல் கடலில் ஒரு சுறா வரும். திரையில் பன்னிரண்டு குட்டி மீன்கள் நீந்திக்கொண்டிருக்க, மேலே ‘12 − 5’ என்று எழுதியிருக்கும். கீழே மூன்று நீர்க்குமிழிகளில் மூன்று விடைகள். சரியான குமிழியைத் தொட்டால் சுறா வாயைத் திறந்து ஐந்து மீன்களை ‘லபக் லபக்’ என்று விழுங்கும், மீதி ஏழும் அப்படியே நிற்கும், ஒரு ஸ்டார் சுழன்று வந்து விழும். எடுத்ததெல்லாம் எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே, கழித்தலை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும் என்று டீச்சருக்குப் பரம திருப்தி.

பிள்ளைகளுக்கும் பிடித்துப் போனது. வகுப்பில் ‘ராக்கெட்’ என்று பெயர் எடுத்த ஒரு பையன் இருந்தான். கேள்வி திரையில் முழுதாக வந்து நிற்பதற்குள் அவன் விரல் குமிழியில் இருக்கும். அவன் சுறா கொழுத்துப் போய்க் கரை ஒதுங்காததுதான் பாக்கி.

ஒன்றிரண்டு பிள்ளைகள் அங்கங்கே தடுக்கினாலும், ஒரேயடியாக இடறியது ஒரே ஒரு பிள்ளையிடம். அந்தப் பெண்ணை வகுப்பில் எல்லாரும் ‘தும்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் வைத்த பெயர். ஓர் இடத்தில் உட்காராது, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் பறந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் இரண்டும் விழுந்த இடத்தில் நாக்கை நுழைத்துக்கொண்டு சிரிக்கும். சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு என்று டீச்சரின் திரையில் வட்டங்கள் விழும். கூட்டல் கடலில் தும்பியின் பெயருக்கு நேராக எல்லாம் பச்சை வட்டம். கழித்தல் கடலில் எல்லாம் சிவப்பு. ஒன்றிரண்டு சிவப்பு என்றால் பரவாயில்லை. அம்மை போட்டதுபோல் வரிசை முழுக்கச் சிவப்பு.

கழித்தலில் தடுக்கி விழும் பிள்ளைகளை டீச்சர் எத்தனையோ பேரைப் பார்த்தவர்தான். அதனால் பெரிதாகக் கலங்கவில்லை. சுவர் ஓரமாக ஒரு சின்ன மேசை போட்டு, மணிச்சட்டத்தை எடுத்து வைத்து, “நீ கொஞ்ச நாள் இங்க உக்காருடா. மணி எண்ணிப் பழகலாம்” என்று தும்பியை அங்கே மாற்றினார். மணியை வைத்து எண்ணச் சொன்னால் தும்பி சரியாகத்தான் எண்ணினாள். டேப்பை வைத்தால் மறுபடியும் சிவப்பு. ‘மணி இருந்தா வருது, மனசுல போட வரல’ என்று டீச்சர் முடிவுக்கு வந்தார்.

அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தலாக இருந்தது. தப்பாகத் தொட்டுத் தொட்டு எல்லாம் சிவப்பானதும் மற்ற பிள்ளைகள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். இந்தப் பெண்ணோ, பெரிய காரியம் ஒன்றை முடித்துவிட்ட மாதிரி மூச்சு விட்டு, டேப்பைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனாள். ‘கொஞ்சமாவது கவலை இருக்கா பாரு’ என்று டீச்சருக்குக் கோபம்கூட வந்தது. அந்த மாத ரிப்போர்ட்டில், ‘கழித்தலில் தனிப் பயிற்சி தேவை’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் தும்பியின் அப்பா வந்துவிட்டார். நகரப் பேருந்து ஓட்டுபவர். காலை ஷிப்ட் முடித்த கையோடு, காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வந்திருந்தார். பிள்ளைகள் உட்காரும் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லாததால், முழங்கால் தாடையில் இடிக்காத குறையாக அதில் மடங்கி உட்கார்ந்தார். தும்பி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். ரிப்போர்ட்டைப் பாத்ததும் நேத்து உக்காத்தி வச்சு நானும் இவ அம்மாவும் மாத்தி மாத்திக் கேட்டோம். எல்லாத்தையும் பட்டு பட்டுனு சொல்றா.”

டீச்சருக்குள் ஓர் அலுப்பு எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லாம் நன்றாகச் சொல்லுகிறது என்று சொல்லாத பெற்றோர் உண்டா? இருந்தாலும் குரலில் காட்டிக்கொள்ளாமல், “வீட்ல விரல் விட்டு எண்ணுவா, நீங்களும் கொஞ்சம் எடுத்துக் குடுப்பீங்க. உங்களுக்கே தெரியாம நடக்கும். இங்க அது இல்ல பாருங்க” என்றார்.

“அப்படியும் இருக்கலாம். ஆனா எதுக்கும் ஒரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்களேன். என் மனசு ஆறுதலுக்கு.”

மறுக்கக் காரணம் இல்லை. டீச்சர் தும்பியைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பதினைஞ்சுல ஏழு போனா?”

“எட்டு மிஸ்.”

“பதிமூணுல ஒன்பது?”

“நாலு.”

விரலும் மடக்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. டீச்சர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் நான்கைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் கேட்ட மாத்திரத்தில் விடை வந்து விழுந்தது. அப்பாவின் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. டீச்சர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

“சரி. இப்ப டேப்ல போடு பார்க்கலாம்” என்று அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் திறந்து வைத்தார்.

கழித்தல் கடல் விரிந்தது. குட்டி மீன்கள் நீந்தின. ‘15 − 7.’ குமிழிகளில் ஆறு, எட்டு, ஒன்பது. இத்தனை நாளும் டீச்சர் தன் திரையில் வட்டங்களைத்தான் பார்த்திருந்தார், இந்தப் பிள்ளையின் விரலைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். விரல் நேராக எட்டை நோக்கிப் போனது. அதற்கு மேலேயே சற்று நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து போய் ஆறைத் தொட்டது.

“ஏய்!” என்றார் அப்பா. “எட்டுன்னு இப்பதான சொன்ன? என்ன விளையாட்டு இது? டீச்சரையே ஏமாத்துறியா?”

தும்பியின் உதடு பிதுங்கியது. டீச்சர் கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். “மிஸ் திட்ட மாட்டேன்டா. எட்டுன்னு தெரியுது இல்ல? ஏன் ஆறை அமுக்கின?”

தும்பி திருகிய திருகலில் சட்டைப் பொத்தான் கையோடு வந்துவிடும்போல் இருந்தது. கடைசியில், பொத்தானிடம் சொல்வதுபோல் தும்பி சொன்னாள்.

“எட்டை அமுக்கினா ஏழும் செத்துடும் மிஸ்.”

“எது சாகும்?”

“மீனு. சரியாச் சொன்னா அது தின்னுடும். தப்பாச் சொன்னா பசியோட போயிடும்.”

டீச்சருக்குச் சட்டென்று விளங்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பினார். அடுத்த கணக்கு வந்திருந்தது. வேண்டுமென்றே ஒரு தப்பான குமிழியைத் தொட்டார். சுறா திறந்த வாயை மூடிக்கொண்டது. துடுப்பைத் தொங்கப் போட்டது. ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்தது. பிறகு திரும்பி, மெல்ல மெல்ல நீந்தி, திரையின் ஓரத்தில் மறைந்தது. மீன் ஒன்றுகூடக் குறையவில்லை. அத்தனையும் முன்போலவே வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

இப்படி ஒரு காட்சி அதில் இருப்பதே டீச்சருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆடிய ஒவ்வொரு தடவையும் அவர் சரியான விடையைத்தான் தொட்டிருந்தார். பாதி விளையாட்டைத்தான் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறார்.

அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. “நல்ல கூத்து போ. நம்ம வீட்ல மீன் சமைச்சா முதல் துண்டு யாருக்குடி?”

“அது முன்னாடியே செத்துப் போனதுப்பா” என்றாள் தும்பி. மூக்கை உறிஞ்சினாள். “இது நான் அமுக்கினாத்தான் சாகும்.”

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். “உன்னை அந்த மேசைக்கு மாத்தினது என் தப்புடா. ஏன்னு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன். நாளைக்கே உன் பழைய இடத்துல உக்காந்துக்கோ.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “நீங்க சொன்னதையும் நான் நம்பல. மன்னிச்சுக்கங்க” என்றார்.

“அய்யய்யோ, பெரிய வார்த்தை எல்லாம் எதுக்கு டீச்சர்? இனிமே தெருவுல விளையாடக் கூடாதுன்னு நேத்து ரிப்போர்ட்டைப் பாத்த கையோட நானே இவளை அதட்டி வச்சேன்” என்று அவர் எழுந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் எழுந்தது. பிரித்து வைத்துவிட்டு, பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்தது என்றுதான் டீச்சர் நினைத்தார். தும்பிக்கு மட்டும் கழித்தலைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவளும் மளமளவென்று போட்டுக் கொடுத்தாள். ஆனால் சுவர் ஓரத்து மேசையிலிருந்து ஒரு பிள்ளை திரும்பி வந்தால், பக்கத்துப் பிள்ளை சும்மா இருக்குமா? “உனக்கு மட்டும் ஏன் தாளு?” என்று கேட்டது. தும்பி சொன்னாள். அந்தப் பிள்ளை அடுத்த பிள்ளையிடம் சொன்னது. இடைவேளை முடிந்து உள்ளே வந்தபோது வகுப்பு முழுக்க விஷயம் பரவியிருந்தது.

அன்று கழித்தல் கடலில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டி போட்டுக்கொண்டு தப்பாகத் தொட்டார்கள். “என்னோடது பட்டினி!” “என் சுறா அழுதுக்கிட்டே போகுது பாரு!” என்று ஒரே கொண்டாட்டம். கரடி என்று கத்திய குழந்தை இப்போது “ஓடிப் போ!” என்று சுறாவை விரட்டியது. டீச்சரின் திரையில் வகுப்பு மொத்தமும் சிவந்து போனது. ஒரே ஒரு வரிசை மட்டும் பச்சை. ராக்கெட்.

அவனுக்கு ஸ்டாரை விட மனம் வரவில்லை. விட்டுவிடலாமா என்று ஒரு முறை யோசித்தானாம். விரல் கேட்கவில்லை. மதியம் சாப்பிடும் நேரத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. “மீனைக் கொல்றவன்” என்று ஒரு பிள்ளை சொல்ல, மற்றதுகள் அதையே பாட்டாகப் பாடத் தொடங்கிவிட்டன. டீச்சர் வந்து பார்த்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அவன் தேம்பிக்கொண்டிருந்தான்.

“நான் கணக்குத்தான மிஸ் போட்டேன்?” என்றான்.

அந்தக் கேள்வி டீச்சரைக் குத்தியது. உண்மைதானே. போடச் சொன்னதை ஒழுங்காகப் போட்டதைத் தவிர இந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? மீன்மேல் இத்தனை இரக்கம் காட்டும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனை அழவைத்துவிட்டார்களே என்று அவருக்கு மனசு கனத்தது. எல்லாரையும் கூட்டி உட்கார வைத்தார்.

“இங்க பாருங்க. அது நிஜ மீன் இல்ல. படம். யாரோ வரைஞ்சது. சாகாது.”

“தெரியும் மிஸ்” என்றன பிள்ளைகள் ஒரே குரலில்.

“தெரியுமா? அப்புறம் என்ன?”

“படம்தான் மிஸ். ஆனா பாவம்.”

டீச்சர் வழியை மாற்றினார். “சரி, மீன் பாவம். இவன் பாவம் இல்லையா?” என்று ராக்கெட்டைக் காட்டிக் கேட்டார். பாட்டை ஆரம்பித்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. முதலில் எழுந்தவள் தும்பிதான். போய் ராக்கெட்டின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “சாப்பிடு. ஆறிடும்” என்றாள், அவன் அம்மாவைப் போல. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தான்.

மாலையில் தலைமையாசிரியை வந்து நின்றார். ஒவ்வொரு வகுப்பின் வட்டங்களும் அவருடைய அறையிலும் தெரியும். அவர் நடந்து வரும்போதே வராந்தா அடங்கிவிடும், அப்படிப்பட்டவர். “என்ன டீச்சர் இது? நேத்து வரைக்கும் நல்லாதான இருந்துச்சு? ஒரே நாள்ல மொத்த வகுப்புக்கும் கழித்தல் மறந்து போச்சா?”

டீச்சர் நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியையின் புருவம் உயர்ந்த இடத்திலேயே நின்றது. “மீனுக்காகவா? எங்க, கொண்டாங்க அதை” என்று ஒரு பிள்ளையின் டேப்பை வாங்கி, நின்றபடியே கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ‘11 − 4’ என்றது திரை. வீட்டுக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள், பையோடு வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“வேணாம் பெரிய மிஸ்! ஏழை மட்டும் அமுக்காதீங்க!”

கணக்கில் ஒரு தடவைகூடத் தப்பு விட்டறியாதவர். பழக்கம் விடுமா? விரல் ஏழைத் தொட்டுவிட்டது. ‘லபக் லபக்.’

“ஐயோ!” என்று வகுப்பே அலறியது. ஒரு சின்னப் பெண் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். தலைமையாசிரியை, கடையில் கண்ணாடிச் சாமானைக் கை தவறிப் போட்டவரைப்போல விழித்தார். “நான் என்னம்மா பண்ணினேன்?” என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். அடுத்த கணக்கு வந்தபோது சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தப்பான குமிழியைத் தொட்டார். சுறா பெருமூச்சு விட்டுப் போனது. பிள்ளைகள் கைதட்டின. அவர் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் ஒளிந்துகொண்டது.

பிள்ளைகள் போனபின் சொன்னார்: “புரியுது டீச்சர். ஆனா கழித்தல் வராம மூணாம் வகுப்புக்கு அனுப்ப முடியுமா? இதுங்க இப்பப் பழகறது தப்பாச் சொல்றதுக்கு.”

“அதேதான் மேடம் எனக்கும் பயம். டேப்பை மூடி வச்சுட்டுப் பழையபடி தாளுக்கே போயிடலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா இதுல நாமளே புதிர் பண்ற மாதிரி ஒரு இடம் இருக்கு. படம் வரைஞ்சு ஏத்தலாம், கணக்கு நாமளே எழுதலாம். நான் இதுவரைக்கும் அந்தப் பக்கம் போனதில்ல. பிள்ளைங்களை வச்சே பண்ணிப் பாக்கட்டுமா?”

“பண்ணுங்க. ஆனா யாரும் யாரையும் திங்கக் கூடாது. என்னால இன்னொரு தடவை பாவத்தைக் கட்டிக்க முடியாது.”

மறுநாள் டீச்சர் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினார். ‘சாகாமல், தொலையாமல் எதெல்லாம் குறையும்?’

அப்பப்பா, என்ன கூச்சல்! மரத்திலிருந்து பறவை பறந்து போகும் என்றது ஒன்று. சோப்புக் குமிழி உடையும் என்றது இன்னொன்று. அது சாவுதான் என்று பக்கத்துப் பிள்ளை மறுக்க, கொஞ்ச நேரம் அந்த வழக்கு நடந்தது. குமிழிக்கு உயிர் இல்லை என்று தீர்ப்பான பிறகும், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள். தும்பி நாற்காலிமேல் ஏறி நின்று சொன்னாள்: “பஸ் மிஸ்! பஸ்ல இருந்து இறங்குவாங்க!”

பஸ்தான் வென்றது. பெரிய தாளில் பிள்ளைகள் பஸ்ஸை வரைந்தார்கள். ஜன்னலுக்கு ஒரு தலை. ‘பதினாலு பேர், ஆறு பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை?’ என்று எழுதியாகிவிட்டது. அப்போது ஒரு பிள்ளை கேட்டது: “இறங்கினவங்க எங்க மிஸ் போவாங்க?” டீச்சர், “வீட்டுக்கு” என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். நடக்கவில்லை. எந்த வீடு, வீடு காட்டவில்லையே என்று கேட்டு, கடைசியில் நிறுத்தத்துக்கு ஒரு தெரு, தெருவில் வீடு, மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை எல்லாம் வரைந்தபிறகுதான் ஆளை இறங்கவே விட்டார்கள். சரியான விடையைத் தொட்டால் கதவு திறக்கும், இறங்குபவர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். தப்பாகத் தொட்டால் கதவு திறக்காது. பாவம், இறங்க வேண்டியவர்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டு ஜன்னலைத் தட்டுவார்கள். இப்போது தப்பாகச் சொல்வதுதான் பாவம் என்றாகிவிட்டது.

ராக்கெட்டுக்கு டீச்சர் ஒரு தனி வேலை கொடுத்தார். ஒவ்வொரு புதிரையும் முதலில் அவன்தான் ஆடிப் பார்க்க வேண்டும். “சரியா மட்டும் ஆடாத. தப்பாவும் ஆடு. ரெண்டு பக்கமும் என்ன நடக்குதுன்னு பாத்துச் சொல்லு” என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கணக்கில் இருக்கிற ஆளைவிட இறங்குகிற ஆள் அதிகம் என்று அவன்தான் கண்டுபிடித்தான். அதை எழுதியவள் தும்பி. “ஒருத்தர் ரெண்டு தடவை இறங்கினாரு” என்று அவள் சமாளிக்கப் பார்க்க, இரண்டு பேரும் தலை முட்டி மோதாத குறையாகச் சண்டை போட்டு, பிறகு சேர்ந்து திருத்தினார்கள்.

தும்பியின் அப்பாவும் ஒருநாள் எட்டிப் பார்த்தார். திரையில் பஸ்ஸைக் கண்டு வாயெல்லாம் பல்லாக நின்றவர், கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார். “எல்லாம் சரி. டிரைவர் சீட்ல யாரையுமே காணோமே?” பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். டிரைவரை வரைந்தார்கள். அவரை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அடுத்த பஞ்சாயத்து தொடங்கியது.

சிவப்பு வட்டங்கள் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. நிஜமாகவே கழித்தல் வராத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் யார் என்று இப்போதுதான் டீச்சருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரக்கத்தின் சிவப்பில் அறியாமையின் சிவப்பும் கலந்து மறைந்திருந்தது. ஆனால் இப்போது வட்டங்களை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்ப்பார். புரியாவிட்டால் கேட்பார்.

வருஷம் முடியப் போகும் சமயத்தில், பஸ் பத்தாது என்று பிள்ளைகள் ரயிலுக்குத் தாவினார்கள். பத்துப் பெட்டி, பெட்டிக்குப் பத்துப் பேர், மொத்தம் நூறு பேர். தும்பியின் திரையில் வந்தது: ‘முப்பத்தேழு பேர் இறங்கினார்கள்.’ அவள் நாக்கைப் பல்லிடுக்கில் விட்டுக்கொண்டு யோசித்தாள். பல் பாதி முளைத்துவிட்டதால் நாக்குக்கு முன்போல இடம் போதவில்லை. பிறகு உறுதியாக எழுபத்து மூன்றைத் தொட்டாள்.

கதவு திறக்கவில்லை. ஜன்னலை யாரோ தட்டினார்கள்.

தும்பி திகைத்துப் போனாள். “ஏன் மிஸ் திறக்கல? நான் நிஜமாத்தான் அமுக்கினேன்!”

“நிஜமாவா?”

“சத்தியமா மிஸ்!”

டீச்சருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு எந்த ஆசிரியையும் இத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். அந்த வருஷம் முழுக்கத் தும்பி அவருக்குக் கொடுத்த விடைகளில் முதல் அசல் தப்பு இதுதான். இதைச் சொல்லிக் கொடுத்துத் திருத்தலாம். இதற்குத்தானே அவர் இருக்கிறார்? நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் பத்துப் பெட்டியையும் வரைந்தார்.

“மூணு பெட்டி முழுசாக் காலியாகட்டும். முப்பது பேர் ஆச்சா? இன்னும் ஏழு பேர் இறங்கணும். எங்க இருந்து இறங்குவாங்க?”

“நாலாவது பெட்டியில இருந்து.”

“இறங்கினா அந்தப் பெட்டியில?”

“மூணு பேர்.” தும்பி மீதிப் பெட்டிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அவள் உதடு அசைந்தது. “ஆறு பெட்டி முழுசா இருக்கு. அறுபது. அறுபத்து மூணு!” என்று கத்தினாள். திரையைத் தொடப் போன விரல் பாதியில் நின்றது. டீச்சருக்குத் திக்கென்றது.

“என்னடா?”

“அவ்ளோ பெரிய பெட்டியில அந்த மூணு பேர் மட்டும் தனியா இருப்பாங்களே மிஸ்?”

டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்தார். உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

“மூணு பேருக்கும் ஜன்னல் ஓரம் கிடைக்கும்டா.”

தும்பி அதையும் யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. விரலை வைத்து அழுத்தினாள்.